அடி வாங்கப் போகிறவருக்கு எப்போது தெரிய வேண்டும்?

கானர் மெக்ரெகருக்கு 18 மாதத் தடை என்ற அறிவிப்பு 2025 அக்டோபரில் வந்தது. அயர்லாந்துக்காரரான அவர், கூண்டுக்குள் நடக்கும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளை நடத்தும் யு.எஃப்.சி. நிறுவனத்தின் மிகப் பெரிய வசூல் நட்சத்திரம். அவருடைய சிறுநீரில் எந்த மருந்தும் அகப்படவில்லை. 2024 ஜூனில் ஒரு முறையும் செப்டம்பரில் இரண்டு முறையும் மாதிரி எடுக்க ஆள் போனபோது, சொல்லியிருந்த இடத்தில் அவர் இல்லை. 12 மாதத்துக்குள் மூன்று முறை இப்படி நடந்தால் அதுவே விதிமீறல். வழக்கமான தண்டனை 24 மாதம். காயத்திலிருந்து தேறிவந்தார், விசாரணைக்கு ஒத்துழைத்தார் என்று ஆறு மாதம் குறைத்தார்கள்.

மருந்தே அகப்படாதவருக்கு ஒன்றரை ஆண்டுத் தடையா என்று கேட்கத் தோன்றும். ஸ்டீராய்டு என்ற ஊக்கமருந்து வேலை செய்யும் விதம் தெரிந்தால் அந்தக் கேள்வி எழாது.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை ஹார்மோனையோ, அதன் சாயலில் செய்த செயற்கை மருந்தையோ எடுத்துக்கொண்டால் தசை வேகமாக வளரும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: உடம்பு சீக்கிரம் தேறும். காலையில் மல்யுத்தம், மாலையில் குத்துப் பயிற்சி என்று வாரக்கணக்கில் உடலை வருத்துகிறவர், மறுநாள் அலுப்பில்லாமல் எழுந்து அதையே திரும்பச் செய்ய முடியும். ஆக, பலன் கிடைப்பது பயிற்சிக் காலத்தில். போட்டியன்று உடம்பில் மருந்து இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உரிய நேரத்தில் நிறுத்திவிட்டால் சிறுநீர் சுத்தமாகிவிடும், தசை மட்டும் மிஞ்சும். போட்டி இரவில் மட்டும் பரிசோதித்தால் கணக்குத் தப்பியவர்தான் மாட்டுவார்.

யு.எஃப்.சி.யின் முதல் போட்டி 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் மாட்டியவர்கள் பெரும்பாலும் அப்படிக் கணக்குத் தப்பியவர்களே. 2002இல் ஜாஷ் பார்னெட்டின் ஹெவிவெயிட் பட்டம் பறிக்கப்பட்டது. 2003இல் டிம் சில்வியா அதே பட்டத்தை விட்டுக்கொடுத்தார். லைசென்ஸ் கொடுப்பதும் பரிசோதிப்பதும் அந்தந்த மாநில விளையாட்டு ஆணையத்தின் வேலை. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநில ஆணையம் 2012இல் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு முடிந்த கையோடு, அங்கே வந்திருந்த ஹெவிவெயிட் வீரர்களிடம் சொல்லாமல் கொள்ளாமல் மாதிரி கேட்டது. அலிஸ்டர் ஓவரீமின் சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோனுக்கும் அதன் துணைப்பொருளான எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் இருந்த விகிதம் 14க்கு 1. சாதாரணமாக அது 1க்கு 1 என்ற அளவில்தான் இருக்கும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா, 4க்கு 1ஐத் தாண்டினாலே சந்தேகப்படும். ஓவரீம் பட்டப் போட்டி வாய்ப்பை இழந்தார். முன்னறிவிப்பு இல்லாத ஒரே ஒரு பரிசோதனை அவ்வளவு சாதித்தது.

அந்தக் காலத்தில் இன்னொரு வாசலும் திறந்தே கிடந்தது. ‘எனக்கு ஹார்மோன் குறைவு’ என்று மருத்துவரிடம் சான்று வாங்கி வந்தால் டெஸ்டோஸ்டிரோனை அனுமதியோடே போட்டுக்கொள்ளலாம். ஸ்டீராய்டு எடுப்பவரின் உடம்பு தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துவிடும் என்பதால், முன்பு எடுத்த மருந்தே பிறகு மருந்து கேட்கக் காரணமாகிவிடும். பிரேசிலின் விட்டோர் பெல்ஃபோர்ட் 2006இல் ஊக்கமருந்துப் பரிசோதனையில் தோற்றவர். அவருக்கே அந்தச் சலுகை கிடைத்தது. 2013 ஜனவரியில் அவர் உதைத்து வீழ்த்திய பிரிட்டன் வீரர் மைக்கேல் பிஸ்பிங்குக்கு அந்தப் போட்டியில் வலது கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டது. பிற்பாடு அந்தக் கண்ணின் பார்வையே போய்விட்டது. அந்த உதைக்கு வலுவூட்டியது ஊசிதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஓட்டப் பந்தயத்தில் மருந்தால் பறிபோவது ஒரு பதக்கம், இங்கே பறிபோகக்கூடியது எதிராளியின் கண்ணும் மூளையும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பேசும் எந்த வாதத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2014 பிப்ரவரியில் நெவாடா ஆணையம் அந்தச் சலுகையை ரத்து செய்தது.

2015 ஜனவரியில் எடுத்த மாதிரியில் ஆண்டர்சன் சில்வாவே ஸ்டீராய்டில் மாட்டினார். கூண்டுச் சண்டையின் ஆகப் பெரிய பெயர்களில் ஒன்று அவருடையது. அதன்பின் யு.எஃப்.சி. சும்மா இருக்க முடியவில்லை. சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் விசாரணையில் பங்கேற்ற முன்னாள் அரசுப் புலனாய்வாளர் ஜெஃப் நோவிட்ஸ்கியை வேலைக்கு எடுத்தது. 2015 ஜூலை 1 முதல், அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான யுசாடாவிடம் பரிசோதனையை ஒப்படைத்தது. ஆண்டு முழுவதும், எந்த நாளும், வீட்டுக்கே வந்து மாதிரி எடுக்கலாம் என்றானது. தாங்கள் எங்கே இருப்போம் என்பதை வீரர்கள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மெக்ரெகர் சிக்கிய விதி இதுதான்.

மாதிரி எடுக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். விடிகாலையில் கதவு தட்டப்படும். அந்த நிமிடத்திலிருந்து வீரர் அதிகாரியின் கண் பார்வையை விட்டு விலகக் கூடாது. சட்டையை மார்புவரை தூக்கி, கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, சட்டைக் கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டு, அவரே தேர்ந்தெடுத்த கோப்பையில் 90 மில்லிலிட்டர் சிறுநீர் கழிக்க வேண்டும். அதே பாலினத்தைச் சேர்ந்த அதிகாரி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் மறைத்து வைத்த பையிலிருந்து வேறொருவரின் சிறுநீரை ஊற்றியவர்கள் விளையாட்டு வரலாற்றில் உண்டு. சிறுநீரை ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு புட்டிகளில் வீரரே பிரித்து ஊற்றி மூட வேண்டும். அந்த மூடி ஒரு வழி மட்டுமே திரும்பும், உடைக்காமல் திறக்க முடியாதபடி வடிவமைத்தது. தண்ணீர் நிறையக் குடித்து நீர்த்துப்போயிருந்தால் காத்திருந்து மறுபடி தர வேண்டும். ஆய்வகத்துக்குப் போவது எண் மட்டும், பெயர் போகாது. ‘ஏ’யில் மருந்து தெரிந்தால், வீரர் கேட்டால் ‘பி’யைத் திறப்பார்கள். கூச்சம் தரும் ஏற்பாடுதான். ஆனாலும் நேர்மையான வீரருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இத்தனை கட்டுக்காவலும் 2016 ஜூலையில் ஒருவருக்காகத் தளர்ந்தது. மல்யுத்தக் கேளிக்கை உலகின் நட்சத்திரமான பிராக் லெஸ்னர், நாலரை ஆண்டு இடைவெளிக்குப் பிறகு லாஸ் வேகாஸில் யு.எஃப்.சி. 200 நிகழ்ச்சிக்குத் திரும்பினார். ஓய்விலிருந்து திரும்புகிறவர் நான்கு மாதம் பரிசோதனைப் பட்டியலில் இருந்த பிறகே சண்டையிட வேண்டும் என்பது விதி. லெஸ்னருக்கு விலக்கு கொடுத்தார்கள். எதிராளி மார்க் ஹன்ட், நியூசிலாந்தில் பிறந்த சமோவா வம்சாவளி வீரர், அப்போது வயது 42. ஜூன் 28 அன்று லெஸ்னரிடம் மாதிரி எடுத்தார்கள். ஜூலை 9 அன்று அவர் ஹன்ட்டைத் தரையில் அழுத்தி வைத்து அடித்து, நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பில் வென்றார். பரிசோதனை முடிவு மறுவாரம்தான் வந்தது: குளோமிஃபீன்.

குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போனவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், கருமுட்டை வளரக் கொடுக்கும் மாத்திரை. ஆணுக்கு அது வேறு வகையில் உதவும். ஸ்டீராய்டு சுற்று முடிந்ததும் படுத்துவிட்ட சொந்த ஹார்மோன் உற்பத்தியைத் தட்டி எழுப்பும். லெஸ்னருக்கு ஓராண்டுத் தடை, 2,50,000 டாலர் அபராதம். அந்த இரவில் அவருக்கு அறிவிக்கப்பட்ட சம்பளமோ 25 லட்சம் டாலர். முடிவை ‘நோ கான்டெஸ்ட்’ என்று மாற்றினார்கள். காகிதத்தில் ஹன்ட்டின் தோல்வி அழிந்தது, வாங்கிய அடி அழியவில்லை. அவருக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 2013இல் அவரோடு சமனில் முடித்த அன்டோனியோ சில்வாவும், 2016 மார்ச்சில் அவரிடம் தோற்ற ஃபிராங்க் மிரும் பரிசோதனையில் மாட்டியவர்களே.

மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 2017 ஜூலையில் டேனியல் கார்மியேவைத் தலையில் உதைத்து வீழ்த்திய ஜான் ஜோன்ஸின் மாதிரியில் டுரினபோல் என்ற, பழைய கிழக்கு ஜெர்மனியின் அரசுத் திட்டத்தில் புழங்கிய ஸ்டீராய்டின் எச்சம் இருந்தது. அளவு பிகோகிராம்களில். ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 15 மாதத் தடை முடிந்து 2018 டிசம்பரில் திரும்பும் வேளையில் அதே எச்சம் மறுபடி தலைகாட்டியது. புதிதாக எடுக்கவில்லை, பழைய எச்சம் விட்டுவிட்டு வெளிவருகிறது என்றார்கள் வல்லுநர்கள். ஆற அமர விசாரிக்க நெவாடாவுக்கு நேரமில்லை. ஆறே நாள் இருக்கையில், லாஸ் வேகாஸில் நடக்கவிருந்த மொத்த நிகழ்ச்சியையும் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் மாற்றியது யு.எஃப்.சி. பயணச்சீட்டும் விடுதியும் எடுத்து வைத்திருந்த ரசிகர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அடுத்த ஆண்டு, சில பொருள்களுக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்று நிர்ணயிக்கப்பட்டது. ஊட்டச்சத்துப் பொடியில் கலந்து வந்த கலப்படத்துக்காக நிரபராதிகள் தண்டிக்கப்பட்டிருப்பதால் அந்த விதி நியாயமானதே. ஆனால் பெயர் தெரியாத ஒரு வீரருக்காக நிகழ்ச்சியையே ஊர் மாற்றியிருப்பார்களா? மாற்றியிருக்க மாட்டார்கள். விதி கடுமையாக இருப்பதில் தவறில்லை. நட்சத்திரத்துக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்று வளைவதுதான் நோய்.

2023 அக்டோபரில் யுசாடா, யு.எஃப்.சி. உறவு பகிரங்கமாக முறிந்தது. அதற்கும் காரணமாகப் பேசப்பட்டது, 2021இல் கால் முறிந்தபின் பரிசோதனைப் பட்டியலிலிருந்து விலகியிருந்த மெக்ரெகர் திரும்பும் விவகாரமே. 2024 ஜனவரி முதல் மாதிரி எடுப்பது ‘டிரக் ஃப்ரீ ஸ்போர்ட்’ என்ற நிறுவனம், தண்டனையை முடிவு செய்பவர் முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரி ஜார்ஜ் பைரோ. அந்த ஏற்பாட்டில்தான் மெக்ரெகர் தண்டிக்கப்பட்டார் என்பது நல்ல அறிகுறி. இருந்தாலும் போட்டி நடத்தி லாபம் பார்ப்பவரே பரிசோதகருக்குப் பணம் கட்டுகிறார், பிடிக்காவிட்டால் மாற்றவும் செய்கிறார். யு.எஃப்.சி. இன்றுவரை வாடா விதித்தொகுப்பில் கையெழுத்திட்ட அமைப்பு அல்ல.

செய்ய வேண்டியது இரண்டு. எடுத்த எல்லா மாதிரிகளின் முடிவும் கூண்டுக் கதவு மூடுவதற்கு முன் வந்திருக்க வேண்டும், வராவிட்டால் போட்டி நடக்கக் கூடாது. ஒலிம்பிக் நடக்கும்போது ஆய்வகங்கள் ஓரிரு நாளில் முடிவு தருகின்றன, எனவே நேரமில்லை என்ற சாக்கு எடுபடாது. இரண்டாவது, மார்க் ஹன்ட் 2016இலேயே கேட்டது: எதிராளி மருந்தில் மாட்டினால் அவருடைய சம்பளம் தனக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு. யு.எஃப்.சி. மறுத்தது, அவர் வழக்குப் போட்டார், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்தப் பிரிவை ஒவ்வொரு வீரரின் ஒப்பந்தத்திலும் சேர்க்க வேண்டும்.