பல்கூற்று நலிவுச் சுட்டெண் (இங்கிலாந்து)

பல்கூற்று நலிவுச் சுட்டெண் என்பது இங்கிலாந்திலுள்ள சிறு குடியிருப்புப் பகுதிகளை, அங்கு வாழும் மக்களின் வாழ்நிலையைக் கொண்டு, மிகவும் நலிந்த பகுதி முதல் மிகக் குறைவாக நலிந்த பகுதி வரை வரிசைப்படுத்தும் அதிகாரப்பூர்வ புள்ளியியல் அளவீடு ஆகும். இதன் முதல் பதிப்பு 2000ஆம் ஆண்டில் வெளியானது. அதன் பின்னர் 2004, 2007, 2010, 2015, 2019, 2025 ஆகிய ஆண்டுகளில் புதிய பதிப்புகள் வெளியிடப்பட்டன. ஓர் உள்ளாட்சி மன்றத்தின் எல்லைக்குள்ளேயே எந்தத் தெருக்கள் பின்தங்கியுள்ளன, எவை முன்னேறியுள்ளன என்பதை அறிய இச்சுட்டெண் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. மாவட்டத்தின் சராசரியை மட்டும் பார்த்தால் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை.

வறுமையும் நலிவும்

அன்றாட வழக்கில் வறுமை, நலிவு ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளில் வழங்கினாலும், சமூக அறிவியலில் அவை வேறுபடுத்தப்படுகின்றன. வறுமை என்பது தேவைகளை நிறைவு செய்யப் போதிய பணம் இல்லாத நிலை. நலிவு என்பது அதனினும் விரிந்த கருத்து. வருமானம் மட்டுமன்றி வேலை, கல்வி, உடல்நலம், பாதுகாப்பு, வீடு, சுற்றுச்சூழல் ஆகியவற்றில் ஏற்படும் குறைபாடுகளையும் அது உள்ளடக்கும்.

பிரித்தானியச் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 1979இல் வெளியிட்ட ஆய்வு நூலில், நலிவு எப்போதும் ஒப்பீட்டு நிலையிலேயே அறியப்பட வேண்டும் என்று வாதிட்டார். ஒருவர் உயிர் வாழ்வதற்கான உணவைப் பெற்றிருந்தாலும், அவர் வாழும் சமூகத்தில் இயல்பானவை எனக் கருதப்படும் வாழ்க்கை வசதிகளையும் நடவடிக்கைகளையும் அடைய முடியாத நிலையில் இருந்தால், அவர் நலிவுற்றவரே என்பது அவரது கருத்து. இதனால் "எவ்வளவு குறைவு?" என்ற கேள்வியுடன் "எவரோடு ஒப்பிடும்போது குறைவு?" என்ற கேள்வியும் எழுகிறது. இந்த இரண்டாவது கேள்வியே இச்சுட்டெண்ணைப் புரிந்துகொள்வதற்குத் திறவுகோல் ஆகும்.

வரலாறு

சார்லசு பூத் 1889இல் இலண்டன் நகரின் வறுமை நிலப்படத்தை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு தெருவும், அங்கு வாழ்ந்தோரின் நிலைக்கேற்ப, கறுப்பு முதல் மஞ்சள் வரை ஏழு வண்ணங்களில் காட்டப்பட்டது. கறுப்பு மிகத் தாழ்ந்த நிலையையும் மஞ்சள் செல்வந்தர் வாழும் தெருவையும் குறித்தன. செல்வத் தெருக்களுக்குப் பின்புறமாகவே வறிய சந்துகள் இருந்ததை இப்படம் வெளிப்படுத்தியது.

1988இல் டவுன்சென்டும் அவருடைய உடனாய்வாளர்களும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து நான்கு தரவுகளை எடுத்து ஒரு சுட்டெண்ணை உருவாக்கினர். வேலையின்மை, கார் இல்லாமை, சொந்த வீடு இல்லாமை, வீட்டில் இடநெருக்கடி ஆகியவையே அந்நான்கும். இது எளிமையானது, எனினும் இதில் ஒரு குறை இருந்தது. பேருந்து வசதி குறைந்த சிற்றூரில் ஏழைக் குடும்பமும் எப்பாடு பட்டாவது கார் வைத்திருக்க வேண்டியுள்ளது. இலண்டனின் மையப் பகுதியிலோ வசதி படைத்தோர் பலர் கார் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே ஒரே அளவுகோல் இரு இடங்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை.

2000ஆம் ஆண்டுச் சுட்டெண்ணை ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் நோபிள் தலைமையிலான குழுவினர் வடிவமைத்தனர். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மட்டும் நம்பாமல், அரசு உதவித்தொகைப் பதிவேடுகள் போன்ற நிருவாகத் தரவுகளையும் இக்குழு பயன்படுத்தியது.

அளவீட்டின் அலகு

2000ஆம் ஆண்டுப் பதிப்பு இங்கிலாந்தின் 8,414 வார்டுகளை வரிசைப்படுத்தியது. வார்டுகள் தேர்தலுக்காக வகுக்கப்பட்டவை. அளவில் ஒத்தவை அல்ல. பர்மிங்காம் நகரில் ஒரு வார்டில் 20,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். நாட்டுப்புற வார்டுகள் பலவற்றில் ஓரிரு ஆயிரம் பேரே இருந்தனர். பெரிய வார்டுக்குள் இருந்த நலிந்த தெருக்கள் சராசரியில் மறைந்துபோயின.

இக்குறையை நீக்க, 2004 முதல் கணக்கெடுப்புச் சிறுபகுதிகள் அலகாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு சிறுபகுதியில் சராசரியாக 1,500 பேர் அல்லது 650 குடும்பங்கள் இருக்கும். 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் 32,844 சிறுபகுதிகளும், 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் எல்லைகளைப் பின்பற்றிய 2025ஆம் ஆண்டுப் பதிப்பில் 33,755 சிறுபகுதிகளும் வரிசைப்படுத்தப்பட்டன. வரிசை எண் 1 பெறுவது மிகவும் நலிந்த பகுதியாகும்.

ஏழு கூறுகள்

சுட்டெண் பின்வரும் ஏழு கூறுகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் தரப்படும் நிறை அடுத்துக் குறிக்கப்பட்டுள்ளது (தசமங்கள் முழுமையாக்கப்பட்டவை).

* வருமானம் - 22.5%
* வேலைவாய்ப்பு - 22.5%
* கல்வியும் திறன்களும் - 13.5%
* உடல்நலமும் இயலாமையும் - 13.5%
* குற்றம் - 9.3%
* வீடும் சேவைகளும் பெறுவதில் உள்ள தடைகள் - 9.3%
* வாழிடச் சூழல் - 9.3%

ஒவ்வொரு கூறும் பல குறிகாட்டிகளால் ஆனது. எடுத்துக்காட்டாக, வாழிடச் சூழல் என்னும் கூறில் வீடுகளின் தரம், காற்றின் தூய்மை, சாலை விபத்துகள் ஆகியவை அடங்கும். 2019 வரையான பதிப்புகளில் சேவைத் தடைகள் என்பது மருத்துவர், தொடக்கப் பள்ளி, அஞ்சலகம், பலசரக்குக் கடை ஆகியவற்றுக்குச் சாலை வழியே உள்ள தொலைவையும் கணக்கிட்டது.

கணக்கிடும் முறை

கணக்கீடு பின்வரும் படிகளில் நடைபெறுகிறது.

1. ஒவ்வொரு சிறுபகுதிக்கும் குறிகாட்டிகளின் மதிப்பு கணிக்கப்படும். 1,500 பேர் வாழும் பகுதியில் 300 பேர் வருமான நலிவுற்றோர் எனில் அதன் வீதம் 20% ஆகும்.

2. சிறிய எண்ணிக்கைகளில் தற்செயலான ஏற்ற இறக்கங்கள் மிகுதி. இரண்டு மூன்று குடும்பங்கள் இடம் மாறினாலே வீதம் மாறிவிடும். ஆகவே நம்பகத்தன்மை குறைந்த மதிப்புகள், அப்பகுதி அடங்கியுள்ள உள்ளாட்சிப் பகுதியின் சராசரியை நோக்கிச் சிறிது நகர்த்தப்படும்.

3. குறிகாட்டிகள் இணைக்கப்பட்டு ஒவ்வொரு கூறுக்கும் ஒரு மதிப்பு பெறப்படும். சில கூறுகளில் காரணிப் பகுப்பாய்வு என்னும் புள்ளியியல் முறை இதற்குப் பயன்படுகிறது.

4. ஒவ்வொரு கூறிலும் பகுதிகள் வரிசைப்படுத்தப்பட்டு, அவ்வரிசை எண்கள் 0 முதல் 100 வரையிலான அடுக்குக்குறிப் பரவலுக்கு மாற்றப்படும்.

5. இம்மதிப்புகள் உரிய நிறைகளால் பெருக்கிக் கூட்டப்பட்டு, கிடைக்கும் மொத்தத்தின்படி இறுதி வரிசை அமையும்.

நான்காவது படி சற்று விளக்கம் வேண்டுவது. இம்மாற்றத்தில் மிகவும் நலிந்த பகுதி 100 பெறும். மிகவும் நலிந்த 10% பகுதிகள் ஏறத்தாழ 50 முதல் 100 வரையிலான மதிப்புகளைப் பெறும். வரிசையின் சரி நடுவிலுள்ள பகுதி ஏறத்தாழ 16 மட்டுமே பெறும். சம நிறை கொண்ட இரு கூறுகள் மட்டும் இருப்பதாகக் கொள்வோம். 'அ' என்னும் பகுதி ஒன்றில் மிக நலிந்தும் மற்றொன்றில் மிகச் சிறந்தும் உள்ளது. 'ஆ' என்னும் பகுதி இரண்டிலும் நடுவில் உள்ளது. வரிசை எண்களை அப்படியே சராசரி கண்டால் இரண்டும் சமமாகிவிடும். அடுக்குக்குறி மாற்றத்திற்குப் பின் 'அ' 50உம் 'ஆ' ஏறத்தாழ 16உம் பெறும். ஒரு துறையில் உள்ள கடும் நலிவை மற்றொரு துறையின் நல்ல நிலை முழுமையாக ஈடுசெய்யக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

உள்ளாட்சிப் பகுதிக்குள் வேறுபாடுகள்

எசெக்சு கவுன்ட்டியில் உள்ள டென்ட்ரிங் மாவட்டத்தின் கடற்கரைச் சிற்றூர் ஜேவிக். அதன் ஒரு சிறுபகுதி 2010, 2015, 2019, 2025 ஆகிய நான்கு பதிப்புகளிலும் இங்கிலாந்திலேயே மிகவும் நலிந்த பகுதியாக முதலிடம் பெற்றது. 1930களில் இலண்டன் மக்கள் கோடை விடுமுறையைக் கழிப்பதற்காக இங்குச் சிறு வீடுகள் கட்டப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட வீட்டுப் பற்றாக்குறையால் பலர் அவற்றிலேயே நிலையாகக் குடியேறினர். 1953ஆம் ஆண்டு வடகடல் வெள்ளத்தில் இங்கு 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதே மாவட்டத்தில், இதே கடற்கரையில், சில மைல் தொலைவில் பிரின்டன் என்னும் வசதியான ஊர் உள்ளது. மாவட்டச் சராசரி இவ்விரு ஊர்களில் எதனையும் சரியாகக் காட்டாது.

இலண்டனின் கென்சிங்டன்-செல்சீ உள்ளாட்சிப் பகுதி மற்றொரு எடுத்துக்காட்டு. நாட்டிலேயே மிக உயர்ந்த விலையில் வீடுகள் விற்கப்படும் பகுதிகளுள் இது ஒன்று. ஆனால் இதன் வடபகுதியில் அமைந்த கிரென்ஃபெல் அடுக்ககத்தைச் சூழ்ந்த பகுதி, 2015ஆம் ஆண்டுச் சுட்டெண்ணில் நாட்டின் மிகவும் நலிந்த 10% பகுதிகளுள் ஒன்றாக இருந்தது. 2017 சூன் 14 அன்று அவ்வடுக்ககத்தில் ஏற்பட்ட தீயில் 72 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே ஒரே மன்றத்தின் ஆட்சியில் நிலவிய இவ்வேறுபாடு பொதுமக்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது.

நாட்டு வரிசையும் உள்ளூர் வரிசையும்

உள்ளாட்சி மன்றங்கள் இச்சுட்டெண்ணை இரு வகையில் பயன்படுத்தலாம். முதலாவது, தம் சிறுபகுதிகள் நாட்டு அளவில் எந்தப் பத்தில் ஒரு பங்கில் அமைகின்றன என்று காண்பது. இரண்டாவது, தம் எல்லைக்குட்பட்ட பகுதிகளை மட்டும் எடுத்து மீண்டும் வரிசைப்படுத்துவது.

2019ஆம் ஆண்டில் மிடில்சுபரோவின் 86 சிறுபகுதிகளுள் 42, நாட்டின் மிகவும் நலிந்த 10%இல் அடங்கின. இது 48.8% ஆகும். நாட்டு வரிசைப்படி ஏறத்தாழப் பாதி நகரம் ஒரே கட்டத்தில் அமைந்துவிடுவதால், அவற்றுள் எதற்கு முதலில் உதவுவது என்பதை அறிய உள்ளூர் வரிசை தேவைப்படுகிறது. மறுபுறம், வசதியான மாவட்டமொன்றில் 80 சிறுபகுதிகள் இருப்பதாகக் கொண்டால், அவற்றுள் மிகவும் நலிந்த எட்டும் நாட்டு அளவில் நடுத்தரமாக இருக்கக்கூடும். உள்ளூர் வரிசையை மட்டும் காட்டும் நிலப்படத்தில் அந்த எட்டும் கருஞ்சிவப்பாகத் தெரியும். எனவே இத்தகைய நிலப்படத்தைக் காண்போர், ஒப்பீடு நாட்டோடா மாவட்டத்தோடா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பயன்பாடு

இச்சுட்டெண் நிதி ஒதுக்கீட்டிற்கு அடிப்படையாக அமைந்துள்ளது. 2001இல் தொடங்கப்பட்ட சுற்றுப்புறப் புத்தாக்க நிதி, 2000ஆம் ஆண்டுச் சுட்டெண்ணின் துணைகொண்டு தெரிவு செய்யப்பட்ட 88 உள்ளாட்சிப் பகுதிகளுக்கு வழங்கப்பட்டது. பொதுச் சுகாதாரம், கல்வி ஆகிய துறைகளின் ஆய்வாளர்களும் தன்னார்வ அமைப்புகளும் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

வரம்புகள்

* சுட்டெண் பகுதிகளைக் குறிப்பது, தனிமனிதரைக் குறிப்பதன்று. நலிந்த பகுதியில் வாழ்வோர் அனைவரும் ஏழைகள் அல்லர். ஏழைகள் பலர் நலிந்தவை எனக் குறிக்கப்படாத பகுதிகளில் வாழ்கின்றனர். நாட்டுப்புறங்களில் ஏழைக் குடும்பங்கள் சிதறி வாழ்வதால் அவர்களது நிலை எளிதில் மறைந்துவிடுகிறது.
* வரிசை எண் அளவைக் காட்டுவதில்லை. 100ஆவது பகுதி 200ஆவது பகுதியை விட நலிந்தது எனலாம். இரு மடங்கு நலிந்தது எனக் கூற முடியாது.
* குறைந்த நலிவு என்பது செல்வச் செழிப்பைக் குறிக்காது. இச்சுட்டெண் செல்வத்தை அளப்பதில்லை.
* இரு பதிப்புகளுக்கு இடையே ஒரு பகுதி வரிசையில் கீழிறங்கியது என்பதால் அங்கு வாழ்க்கை மோசமடைந்தது என்று முடிவு செய்ய இயலாது. பிற பகுதிகள் விரைந்து முன்னேறியிருக்கலாம்; கணக்கிடும் முறையோ எல்லைகளோ மாறியிருக்கலாம்.
* தரவுகள் சில ஆண்டுகள் பழையவை. 2019ஆம் ஆண்டுப் பதிப்பின் தரவுகளுள் பெரும்பாலானவை 2015-16ஆம் நிதியாண்டைச் சேர்ந்தவை.
* இசுக்கொட்லாந்து, வேல்சு, வட அயர்லாந்து ஆகியவை தனித்தனிச் சுட்டெண்களைக் கொண்டுள்ளன. முறைகள் வேறுபடுவதால் அவற்றின் வரிசை எண்களை இங்கிலாந்தின் எண்களோடு நேரடியாக ஒப்பிட இயலாது.

வரிசைப் பட்டியலில் முதலிடம் பெறும் ஊர், அப்பெயரையே சுமக்க நேர்வதும் இம்முறையின் ஒரு விளைவாகும். ஒவ்வொரு பதிப்பு வெளியாகும்போதும் செய்தி ஊடகங்கள் ஜேவிக்கை நாடிச் செல்கின்றன. ஒரு பகுதிக்கு உதவி கிடைக்க அதன் நலிவு அளக்கப்பட வேண்டும். அவ்வாறு அளக்கப்பட்ட எண்ணோ அங்கு வாழும் மக்களின் அடையாளமாகிவிடவும் கூடும்.