பெர்லின் சுவர் மிதிவண்டிச் சுற்றுலா

பெர்லின் சுவர் மிதிவண்டிச் சுற்றுலா என்பது, ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் 1961 முதல் 1989 வரை நின்ற எல்லைச் சுவரின் தடத்தை, வழிகாட்டி ஒருவருடன் மிதிவண்டியில் சென்று காணும் நகரச் சுற்றுலா ஆகும். பெர்லின் பெரும்பாலும் சமதளமான நகரம் என்பதால், மிதிவண்டி ஓட்டத் தெரிந்த எவரும் இதில் கலந்துகொள்ளலாம்.

சுவரும் பாதையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெர்லின் நான்கு நாடுகளின் பொறுப்பில் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. கிழக்கு ஜெர்மனியிலிருந்து மக்கள் மேற்குப் பெர்லின் வழியாகத் தொடர்ந்து வெளியேறியதால், 1961 ஆகஸ்டு 13 அன்று அந்நாட்டு அரசு எல்லையை மூடியது. முதலில் முள்கம்பி இட்டார்கள்; பிறகு கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். மேற்குப் பெர்லினைச் சுற்றி வளைத்த இந்த எல்லையின் நீளம் ஏறத்தாழ 155 கி.மீ. அதில் 43 கி.மீ. நகரை இரண்டாகப் பிரித்தது. 1989 நவம்பர் 9 அன்று இரவு எல்லை திறக்கப்பட்டது.

இந்தத் தடத்தையொட்டி 2002 முதல் 2006 வரை 'பெர்லினர் மௌவர்வேக்' என்னும் பாதை அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 160 கி.மீ. நீளமுள்ள இது 14 பிரிவுகளைக் கொண்டது. வழிகாட்டியுடன் செல்லும் அரைநாள் சுற்றுலாவில் நகர மையத்தின் முக்கிய இடங்களை மட்டுமே பார்க்க முடியும்.

காணும் இடங்கள்

பெர்னவர் தெரு: இங்கு வீடுகளின் முன்சுவரே எல்லையாக இருந்தது. வீடு கிழக்கில், வாசலின் நடைபாதை மேற்கில். எனவே மக்கள் சன்னல் வழியாகக் குதித்துத் தப்ப முயன்றனர். 1961 ஆகஸ்டு 22 அன்று அவ்வாறு குதித்த ஈடா சீக்மன் உயிரிழந்தார். சுவரால் உயிரிழந்த முதல் நபர் இவரே. இன்று இத்தெருவில் நினைவிடம் உள்ளது.

செக்பாயிண்ட் சார்லி: வெளிநாட்டவர் பயன்படுத்திய எல்லைக் கடவு. இதன் அருகில் 1962 ஆகஸ்டு 17 அன்று, சுவர் ஏற முயன்ற 18 வயது பீட்டர் ஃபெக்டர் சுடப்பட்டார். இருபுறமும் மக்கள் பார்த்திருக்க, ஏறத்தாழ ஒரு மணி நேரம் உதவியின்றிக் கிடந்து இறந்தார். அவ்விடத்தில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

ஈஸ்ட் சைட் கேலரி: ஸ்ப்ரே ஆற்றங்கரையில் எஞ்சியுள்ள 1.3 கி.மீ. நீளச் சுவர். 1990-இல் பல நாட்டு ஓவியர்கள் இதில் ஓவியம் தீட்டினர்.

மிதிவண்டியின் பயன்

நகர மையத்தில் பல இடங்களில் சுவர் நின்ற கோட்டை இரட்டை வரிசைக் கற்களால் சாலையிலேயே பதித்துள்ளனர். மிதிவண்டிச் சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கும்போது லேசாக அதிரும். அந்தக் கோட்டைக் கடக்க முயன்றவர்கள் உட்பட, சுவரையொட்டிக் குறைந்தது 140 பேர் உயிரிழந்துள்ளனர். பேருந்தில் செல்பவர் இந்தக் கற்களைக் கவனிக்க மாட்டார். நடந்து செல்பவரோ ஒரே நாளில் சில இடங்களுக்கு மேல் போக இயலாது.

கவனிக்க வேண்டியவை

* ஜெர்மனியில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்லும். இடப்புறம் ஓட்டிப் பழகிய நாம், திருப்பங்களில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.
* வாடகை வண்டிகள் சிலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். புறப்படும் முன் ஓட்டிப் பார்ப்பது நல்லது. இருக்கை உயரத்தையும் அப்போதே சரிசெய்து கொள்ளலாம்.
* டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். நேர்க்குறுக்காகவே கடக்க வேண்டும்.
* பெரியவர்கள் நடைபாதையில் ஓட்டக் கூடாது. ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிப்பதற்கும், சிவப்பு விளக்கை மீறுவதற்கும் அபராதம் உண்டு.
* தலைக்கவசம் கட்டாயமில்லை. ஆயினும் அணிவதே பாதுகாப்பு.
* குழுவில் பின்தங்கினால், முன்னால் செல்பவரைப் பிடிப்பதற்காக விளக்கை மீற வேண்டாம். வழிகாட்டி அடுத்த சந்திப்பில் காத்திருப்பாரா என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாணவர்கள் புறப்படும் முன், பழைய நகர வரைபடம் ஒன்றில் சுவரின் கோட்டைப் பார்த்துக்கொண்டால், வழிகாட்டி நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் எது கிழக்கு, எது மேற்கு என்பது தெளிவாக விளங்கும்.