தரையில் உட்கார்ந்த கருடன்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நீர்முகப்பில் நின்றால் ஜொகூர் நீரிணைக்கு மேலே கருடன் வட்டமிடுவதைப் பார்க்கலாம். செம்பழுப்பு உடல், வெள்ளைத் தலை. குடமுழுக்கு வேளையில் கோபுரத்துக்கு மேல் தென்பட்டால் கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அதே பறவை அடுக்குமாடி புளோக் அடியில் உட்கார்ந்து, நாம் கிட்டே போயும் பறக்காமல் இருந்தால்?

வேட்டையாடும் பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். தளர்ச்சி தெரிந்தால் காக்கைகள்கூட விடாது. ஆகவே நம் கண்ணுக்குத் தெரியும்போதே நிலைமை முற்றியிருக்கும். இறகு உப்பி, கண் பாதி மூடியிருக்கும். மருத்துவர் நெஞ்சைத் தொட்டால் நடு எலும்பு கத்தி விளிம்புபோல் துருத்தும். இருபுறமும் இருந்த பறப்புத் தசை கரைந்துபோயிருக்கும். எலிமருந்து தின்ற எலியைத் தின்றிருக்கலாம்; அத்தகைய மருந்துகளில் பல ரத்தத்தை உறையவிடாது, ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசியும். கண்ணாடிச் சுவரில் மோதியிருக்கலாம்.

வெறும் களைப்பும் வீழ்த்தும். 2021 டிசம்பர் கடைசியில் இமயமலைக் கழுகுகளோடு பூமலைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது ஒரு கறுப்புப் பிணந்தின்னிக் கழுகு. சிங்கப்பூரில் அந்த இனம் பதிவானது அதுவே முதல்முறை. இறக்கையை விரித்தால் ஏறக்குறைய 3 மீட்டர் வரும் இனம். நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் மிதந்தே அது தொலைதூரம் போகும். கடல்மேல் அந்தக் காற்று வலுவாக எழாது, சிறகடித்தே கடக்க வேண்டும். சோர்ந்து தரையிறங்கிய அதை மீட்டு ஜூரோங் பறவைப் பூங்காவில் பராமரித்தார்கள்.

தளர்ந்து தரையில் கிடக்கும் வேட்டைப் பறவையைக் கண்டால் பிள்ளைகளையும் நாயையும் விலக்கிவிட்டு, தேசியப் பூங்காக் கழகத்தையோ வனவிலங்குகளை மீட்கும் ஏக்கர்ஸ் அமைப்பையோ அழையுங்கள். தொட வேண்டாம், அலகைவிட நகங்களுக்குத்தான் பயப்பட வேண்டும். அவர்கள் தூக்கச் சொன்னால் மட்டும், தடித்த துண்டால் தலையோடு போர்த்தி, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். இருட்டில் அதன் பதற்றம் அடங்கும்.

தயவுசெய்து தண்ணீர் புகட்டாதீர்கள். மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய நீர் நேரே நுரையீரலுக்குப் போகலாம். இறைச்சியும் கொடுக்காதீர்கள், பல நாள் பட்டினி கிடந்த உடல் திடீர் உணவைத் தாங்காமல் செத்துப்போகலாம். இரக்கத்தோடு ஊட்டி உயிரைப் போக்குவது மனத்தை வருத்தும் விஷயம்.

மீட்க வருகிறவர்களிடம் அது கிடந்த இடத்தைச் சரியாகக் காட்டுங்கள். மேலே கண்ணாடி இருந்ததா, பக்கத்தில் செத்த எலி கிடந்ததா என்பதையும் சொல்லுங்கள். சிகிச்சையை எங்கே தொடங்குவது என்பதற்கு மருத்துவருக்கு அது உதவும்.