சூலக நீர்க்கட்டிதான் கருவைக் கலைக்கிறதா?

இரண்டு, மூன்று தடவை கரு கலைந்த ஒரு பெண்ணின் ஸ்கேன் அறிக்கையில் 'சூலகத்தில் நீர்க்கட்டிகள்' என்று எழுதியிருந்தால், காரணம் கிடைத்துவிட்டது என்றே வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். பழியும் அவள்மீதே விழுகிறது. உண்மையில் அவை கட்டிகளே அல்ல, முதிராமல் நின்றுபோன முட்டைப்பைகள். ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹோர்மோன் மிகுதி, இந்த ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது இருந்தால்தான் அது பிசிஓஎஸ் என்கிறது 2003ஆம் ஆண்டின் ரொட்டர்டாம் வரையறை.

லண்டன் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று தொடர் கருச்சிதைவுக்கு உள்ளான 2,199 பெண்களைப் பற்றியது. அவர்களில் சுமார் 41 வீதமானோருக்கு இந்தச் சூலகத் தோற்றம் இருந்தது. ஆனால் மருந்து எதுவும் எடுக்காமல் மீண்டும் கருவுற்றவர்களில், தோற்றம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில், பத்துக்கு ஆறு பேர், குழந்தை பெற்றார்கள்.

அப்படியானால் பார்க்க வேண்டியது எதை? பிசிஓஎஸ் உள்ள பலரது உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை. அதை ஈடுசெய்ய சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. தசை அதற்கு அசைந்து கொடுக்காவிட்டாலும் சூலகம் கொடுக்கிறது. ஆண் ஹோர்மோனைக் கூட்டுகிறது. இன்சுலின் மிகுதி கருப்பை உட்படலம் தயாராவதைப் பாதிக்கலாம், குருதிக்கட்டிகள் கரைவதையும் தாமதப்படுத்தலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதிக உடல் எடை தனியாகவே கருச்சிதைவு அபாயத்தைக் கூட்டும். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தொட்டாலே கவனம் தேவை. பார்வைக்கு மெலிந்தவர்களுக்கும் இன்சுலின் பிரச்சினை இருக்கலாம்.

'மெற்போமின் போட்டால் கரு தங்கும்' என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. பிசிஓஎஸ் உள்ள 626 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2007இல் வெளியான பரிசோதனையில், அந்த மாத்திரை ஆரம்பகாலக் கருச்சிதைவைக் குறைத்ததாகத் தெரியவில்லை. நீரிழிவுக்காக அதை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது என்பது வேறு விடயம்.

ஆரம்பகாலக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி, கருவின் நிறமூர்த்தக் குறைபாட்டால் நிகழ்பவை. அவள் ஏறிய படிக்கும் தின்ற பப்பாசிக்கும் அதில் பங்கில்லை.

எங்கள் நாட்டில் கர்ப்பவதி கிளினிக்கில் பதியும்போது சீனி பார்க்கிறார்கள். இரண்டு தடவை கரு கலைந்தவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சீனிப் பரிசோதனை, தைரொயிட், குருதி உறைவு தொடர்பான அன்ரிபொஸ்பொலிப்பிட் பரிசோதனை ஆகியவற்றை வைத்தியரிடம் கேட்கலாம். போலிக் அமிலமும் அப்போதே தொடங்க வேண்டும். குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் கேட்டாலே வழி சொல்வார்.