முடிச்சும் சித்திரமும்

நூல்களுள் அறிவைத் தருவன சில. இன்பம் பயப்பன சில. மர்ம நாவல்களையும் சிறுவர்க்குரிய சித்திர நூல்களையும் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவார் உளர். ஆயினும், எழுத்தறிந்த மக்களை நூல் விரும்பும் மக்களாக மாற்றியதில் இவ்விரண்டுக்கும் பெரும்பங்கு உண்டு. காவிரி நாட்டிலேயே இதற்குச் சான்றுகளைக் காணலாம்.

மன்னார்குடிக்கு அண்மையில், வயல்களும் ஏரியும் சூழ அமைந்த ஊர் வடுவூர். அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு இணைத்து வழங்கிய கே. துரைசாமி ஐயங்கார் (1880–1942), 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்' முதலிய நாவல்களை எழுதினார். அவர் படைத்த திகம்பர சாமியாரின் கதை 1950-இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் அவர் காலத்தில் மர்மக் கதைகளால் புகழ்பெற்ற பிறராவர்.

நாவல் படிப்போர் கெட்டுப்போவர் என்று பெரியோர் பலர் அஞ்சிய காலம் அது. பெண்கள் படிப்பது அதனினும் தகாததாக எண்ணப்பட்டது. அந்நிலையில், தர்காவின் ஐந்து மினாராக்கள் வானளாவி நிற்கும் நாகூரில் பிறந்து, மிகச் சிறிதளவே பள்ளிப் படிப்புப் பெற்ற சித்தி ஜுனைதா பேகம் (1917–1998), வீட்டிலிருந்தே தமிழ் நூல்களைக் கற்றார். 1938-இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டார். அது துப்பறியும் கதையன்று. எனினும், கதை நூல் வீட்டிற்குள் நுழைந்தால் படிப்பவரே படைப்பவராகவும் உயரலாம் என்பதற்கு அவர் வாழ்வு ஒரு சான்று.

மர்மக் கதை நம்மைப் பற்றி இழுப்பது எங்ஙனம்? ஆசிரியர் முதலில் ஒரு முடிச்சை இடுகிறார். குற்றம் நிகழ்ந்தது தெரியும். செய்தவர் யார் என்பது தெரியாது. உண்மைத் தடயங்களோடு பொய்த் தடயங்களும் கலந்து வருகின்றன. சிறு குறிப்பையும் தவறவிடாது நோக்கவும், ஐயத்தை உண்மையென விரைந்து கொள்ளாதிருக்கவும் நாம் பழகுகிறோம். பிற்காலத்தில் தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷ், வசந்த் என்பாரும், ராஜேஷ்குமாரின் எண்ணற்ற நாவல்களும் இவ்வின்பத்தை வளர்த்தன. ஆனால், முடிச்சு அவிழ்ந்ததும் அவற்றுள் பலவற்றை மீண்டும் எடுக்க நமக்கு மனம் எழுவதில்லை.

சித்திர நூலின் இயல்பு வேறு. அது எதனையும் மறைப்பதில்லை. அனைத்தையும் கண்முன் விரித்துக் காட்டுகிறது. 1658-இல் கொமேனியசு என்னும் கல்வியறிஞர், சிறுவர்க்கெனப் படங்கள் நிறைந்த பாடநூல் ஒன்றை வெளியிட்டார். எழுத்தறியாக் குழந்தையும் படத்தைப் 'படிக்கும்' என்பதை அவர் உணர்ந்திருந்தார். தமிழில் 1947-இல் தோன்றிய 'அம்புலிமாமா' இன்று வெளிவருவதில்லை. ஆயினும், தோளில் வேதாளமும் கையில் உருவிய வாளுமாக விக்கிரமன் நடந்துவரும் ஓவியர் சங்கரின் சித்திரம் பலர் நெஞ்சில் இன்றும் வாழ்கிறது. வேதாளத்தின் புதிருக்கு விடை தெரிந்த பின்னரும் சிறுவர் அப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தனர். ஒவ்வொரு முறையும் புதியதொன்று அவர் கண்ணிற்பட்டது.

இவ்விரு கலைகளும் ஒன்றுகூடியதும் உண்டு. திருவிடைமருதூரில் பிறந்த எழுத்தாளர் தேவன் 'துப்பறியும் சாம்பு'வைப் படைத்தார். சாம்பு அறிவாளியல்லன், தடுமாறித் தடுமாறியே வெற்றி காண்பவன். தஞ்சையில் பிறந்த ஓவியர் கோபுலு அக்கதையைப் பின்னர்ச் சித்திரத் தொடராகத் தீட்டினார். சாம்பு வெல்வான் என்பது அனைவர்க்கும் தெரியும். அவன் எவ்வாறு வெல்வான் என்று காண்பதிலேயே சுவை இருந்தது. முடிவு தெரிந்த பின்னும் அக்கதை சலிக்காமைக்குக் காரணம், சாம்பு என்னும் மனிதன் கண்முன் நிற்பதேயாகும்.

மாணவர்களே! மறைத்த பொருள் வெளிப்பட்டதும் வியப்பு ஓய்ந்துவிடும். நன்கு காட்டிய பொருளோ காணுந்தோறும் வளரும். மர்ம நாவல் படிக்கத் தூண்டட்டும். சித்திர நூல் நின்று நோக்கக் கற்பிக்கட்டும். சித்திர நூல் சிறுவர்க்கே உரியது என்று எண்ணி அதனைக் கைவிடாதீர்கள். முடிவை அறிந்த பின்னும் எந்நூல் உங்களை மீண்டும் அழைக்கிறதோ, அந்நூலே உங்களுக்கு நெடுந்துணையாகும்.