உடையைத் திருத்துங்கள்



திருகோணமலைத் துறைமுகம் பெருங்கப்பலையும் சிறுவள்ளத்தையும் ஒருங்கே தாங்குகின்றது. அதன் கரையில் வாழும் நாமோ, உடல் பருத்த பிள்ளையை ஏளனமின்றி ஏற்கத் தயங்குகிறோம். முதல் நன்மைக்கு உடை வாங்கச் செல்கிறோம். ஆயத்த ஆடை பொருந்தாதபோது, "இவளுக்கு எந்த அளவும் போதாது" எனப் பிறர் கேட்கச் சொல்லிச் சிரிக்கிறோம். சிறியதாய்ப் போனது உடை, தலைகுனிவதோ பிள்ளை.

1958 ஒக்டோபர் 28 அன்று கர்தினால் ரொன்கல்லி திருத்தந்தையாகத் தெரிவானார். மூன்று அளவுகளில் வெண்ணங்கிகள் முன்னரே தைக்கப்பட்டிருந்தன. பருத்த உடலினரான அவருக்கு எதுவும் சரிவரப் பொருந்தவில்லை. ஊசிகளால் பிணைத்துச் சரிசெய்த அங்கியோடே அவர் மக்கள்முன் தோன்றினார். அவரே 23ஆம் யோவான். 1962இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடங்கி வைத்தவர். 2014 ஏப்ரல் 27இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். அங்கியின் அளவு அவரது உள்ளத்தின் அளவைச் சொல்லவில்லை.

எலியாபின் தோற்றத்தையும் உயரத்தையும் கண்டு மயங்கிய சாமுவேலுக்கு, தாம் அகத்தையே நோக்குவதை ஆண்டவர் உணர்த்தினார் (1 சாமுவேல் 16:7). நாம் எதை நோக்குகிறோம்?

பெற்றோரே, பிள்ளையின் உடல்நலம் குறித்த உங்கள் கவலை நியாயமானதே. அதை மருத்துவரிடம் பேசுங்கள். உணவிலும் உடற்பயிற்சியிலும் மாற்றம் தேவையெனில், குடும்பம் முழுவதும் சேர்ந்தே மாறுங்கள். ஏளனம் எவருக்கும் மருந்தாகாது. பீடத்தை நோக்கி மகிழ்வோடு வரவேண்டிய பிள்ளையைக் கடைசி வாங்கில் ஒளிந்திருக்கவே அது செய்யும்.

உடை பொருந்தவில்லையா? தையற்காரரிடம் கொடுத்து உடையைத் திருத்துங்கள். பிள்ளை இறைவனின் சாயல். அந்தச் சாயலைக் காயப்படுத்தாதீர்கள்.