வளவும் மரக்கறியும்: புற்றுநோய்த் தடுப்புணவு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

மரக்கறியும் பழமும் மிகுதியாக உண்டால் புற்றுநோய் வருவதைக் குறைக்கலாம் என்னும் அறிவுரை இன்று கல்முனை முதலிய கரையோர ஊர்களிற் பரவலாகக் கேட்கப்படுவதொன்றாகும். அது பிழையான அறிவுரையன்று. ஆயினும் பெரும்பாலும் அது தனிமனிதரின் நாவையும் மனவுறுதியையும் நோக்கியே கூறப்படுகின்றது. உண்ணாதவர் அறியாமையாலோ அசட்டையாலோ உண்ணாதிருக்கின்றனர் என்பது அதனுள் மறைந்துகிடக்கும் எடுகோள். உணவு என்பது உற்பத்தி, பங்கீடு, உழைப்பு ஆகியவற்றின் விளைவு என ஏற்றுக்கொள்வோமாயின், இவ்வெடுகோளை நாம் கேள்விக்குட்படுத்தல் வேண்டும். எனவே விஞ்ஞானம் கூறுவது யாது என்பதை முதலில் வரையறுத்து, பின்னர் மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள முஸ்லிம் ஊர்களின் வாழ்நிலையோடு அதனைப் பொருத்தி நோக்குவோம்.

1981ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டோல், ரிச்சர்ட் பீற்றோ ஆகிய ஆய்வாளர் இருவரும் அமெரிக்காவின் புற்றுநோய் மரணங்களில் ஏறத்தாழ 35 சதவீதம் உணவோடு தொடர்புடையதாகலாம் என மதிப்பிட்டனர். அம்மதிப்பீடு 10 முதல் 70 சதவீதம் வரை வேறுபடலாம் என்பதையும் அவர்களே குறிப்பிட்டிருந்தனர். 1997இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் வெளியிட்ட அறிக்கை, மரக்கறியும் பழமும் சில புற்றுநோய்களைத் தடுப்பதற்கான சான்று ஐயத்துக்கிடமற்றது என்றது. அதே நிறுவனம் 2007இல் அம்முடிவைத் தளர்த்தி, 'நிகழக்கூடியது' என்னும் நிலைக்கு இறக்கியது. ஐரோப்பிய நாடுகள் பத்தில் நிகழ்ந்த பேராய்வொன்றின் முடிவுகள் 2010இல் வெளிவந்தன. நாளொன்றுக்கு 200 கிராம் மரக்கறியும் பழமும் கூடுதலாக உண்பதனால் மொத்தப் புற்றுநோய் ஆபத்து மூன்று அல்லது நான்கு சதவீதமே குறைவதாக அது காட்டிற்று.

இத்தளர்ச்சி ஏன் நேர்ந்தது? முற்பட்ட ஆய்வுகள் பல, நோயுற்றோரிடம் அவர்தம் பழைய உணவை நினைவுகூரச் செய்து தகவல் திரட்டியவை. அன்றியும், மரக்கறி மிகுதியாக உண்போர் பெரும்பாலும் வசதியும் கல்வியும் உடையோராய், குறைவாகப் புகைப்போராய் இருந்தனர். வர்க்க நிலையின் பயனையும் மரக்கறியின் பயனையும் பிரித்தறிவது எளிதாயிருக்கவில்லை. உணவைச் சமூகத்தினின்றும் பிரித்து நோக்குவதன் இடர்ப்பாட்டை விஞ்ஞானமே இங்கு உணர்த்துகின்றது.

இதனால் மரக்கறியாற் பயனில்லை என்று முடிவு செய்தல் தவறாகும். வாய், தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை போன்ற உறுப்புகளின் புற்றுநோய்களைப் பொறுத்தவரை மரக்கறியும் பழமும் காப்பளிக்கக்கூடும் என்பதே 2018ஆம் ஆண்டறிக்கையின் முடிவுமாகும். தானியத் தவிட்டிலும் மரக்கறியிலுமுள்ள நார்ப்பொருள் பெருங்குடற் புற்றுநோயின் ஆபத்தைக் குறைக்கின்றது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்நாரை நொதிக்கச் செய்து, குடற்சுவரின் கலங்களுக்கு உகந்த அமிலங்களை உண்டாக்குகின்றன; மலமும் விரைந்து வெளியேறுகின்றது. விற்றமின் சி, இரைப்பையில் நைத்திரசோச் சேர்மங்கள் என்னும் நச்சுப் பொருள்கள் தோன்றுவதைத் தடுக்கின்றது.

இச்சத்துகளைப் பிரித்தெடுத்துக் குளிசையாக விற்றாற் போதாதா என்னும் வினாவுக்கும் விடை கிடைத்துள்ளது. பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரிடையே நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 1994இல் வெளியாயிற்று. கரட்டுக்கு நிறந்தரும் பீற்றா கரோட்டினைக் குளிசையாக உண்டவரிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நிகழ்ந்த இதையொத்த சோதனையும் 1996இல் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. உணவைச் சரக்காக்கிப் போத்தலில் அடைப்போர் மக்களுக்கு அளித்த வாக்குறுதி இவ்வாறு பொய்த்தது.

மரக்கறியைப் பற்றிப் பேசுமிடத்து வெற்றிலையைப் பேசாதுவிடல் நேர்மையாகாது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயாகும். புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூட்டு புற்றுநோயை விளைவிக்கும் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இலேயே அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலையும் பாக்கும்கூட அவ்வாறானவையே என்பதை 2004இல் வெளியிட்ட தொகுதியில் அது நிறுவியது. மது விலக்கப்பட்ட சமூகம் என்ற வகையில் இவ்வூர்களுக்கு ஒரு காப்பு உண்டு. மதுவும் புற்றுநோய்க் காரணியே. ஆனால் வயல்வேலையிலும் கடற்றொழிலிலும் பசியையும் களைப்பையும் மறக்க வாயிலடக்கப்படும் வெற்றிலை அக்காப்பைப் பெரிதும் அரித்துவிடுகின்றது. வெற்றிலையையும் சிகரெட்டையும் விடாது கீரை மட்டும் உண்பவர், ஓட்டைத் தோணியில் நீரிறைப்பவரை ஒப்பர்.

இனி இடத்திற்கு வருவோம். உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2003இல் வெளியிட்ட கூட்டறிக்கை, ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்கின்றது. உருளைக்கிழங்கு, மரவள்ளி முதலிய கிழங்குகள் இக்கணக்கிற் சேரா. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு கிலோ. மாதத்திற்கு அறுபது கிலோ. இவ்வறுபது கிலோ எங்கிருந்து வருவது என்பதே நமது பிரச்சினையின் மையம்.

முற்காலத்தில் அதன் ஒரு பகுதி வளவிலிருந்து வந்தது. முருங்கை, அகத்தி, பப்பாசி, கொய்யா, வாழை, ஈரப்பலா என்பன காசின்றிக் கிடைத்தன. அவ்வளவு இன்று சுருங்கிவிட்டது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படுவதும், மணமகன் மணமகள் வீடு செல்வதும் வழக்காறாகும். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். மூன்று பெண்மக்களைப் பெற்றவர் ஒரே வளவை மூன்றாகப் பிரித்து மூன்று வீடு கட்டுகின்றார். முதலில் வெட்டப்படுவது முருங்கை மரம். கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில் ஊர் பெருகியதும், 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலை கரையோர வளவுகளை அழித்ததும் இந்நெருக்கடியை மேலும் கூர்மைப்படுத்தின.

வயலோ நெல்லுக்கே உரியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் நெற்செய்கையை விரிவாக்கியது. போடியாரிடம் நிலமும் வயற்காரரிடம் உழைப்பும் இருக்கும் அமைப்பில், எதைப் பயிரிடுவது என்பதைத் தீர்மானிப்பவர் உழைப்பவரல்லர். ஆகவே கரட், கோவா, லீக்ஸ், போஞ்சி என்பன நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளிலிருந்து லொறியேறிக் கல்முனைச் சந்தைக்கு வருகின்றன. தரகு, எரிபொருள், அழுகற் சேதம் யாவும் விலையிற் சேர்கின்றன. 2022 செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியபோது, நாட்கூலி பெறும் குடும்பம் அரிசியை விடவில்லை. மரக்கறியையும் பழத்தையுமே விட்டது. இதனை அறியாமை எனல் பொருந்துமா?

இன்னொரு காரணி பெண்களின் உழைப்பாகும். முருங்கையிலையை உருவி, பொன்னாங்காணியை ஆய்ந்து, மணல்போகக் கழுவி, அரிந்து, தேங்காய்ப்பூவோடு சுண்டுவதற்கு ஒரு மணி நேரம் செல்லும். தறியிலோ பிறர் வீட்டிலோ உழைத்துவிட்டு மாலையில் அடுப்படிக்கு வரும் பெண்ணிடம் அந்த ஒரு மணி நேரம் இருப்பதில்லை. 'கீரை சமையுங்கள்' என்னும் அறிவுரை யாருடைய உழைப்பின் மீது சுமத்தப்படுகின்றது என்பதை அறிவுரை கூறுவோர் எண்ணிப்பார்ப்பதில்லை.

மூன்றாவது காரணி பண்பாடு சார்ந்தது. கீரையை வறுமையின் அடையாளமாகக் கருதும் மனோபாவம் நமது இலக்கியத்தில் மிகப் பழையது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில், பசியால் வாடும் குடும்பத்துப் பெண் குப்பைக்கீரையைப் பறித்து உப்பின்றி வேகவைக்கின்றாள். பிறர் காண நாணிக் கதவையடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றாள். அக்கதவு இன்றும் முற்றாகத் திறக்கப்படவில்லை. விருந்துச் சோற்றுக்கு மாட்டிறைச்சியே மதிப்பு. விருந்தினர்முன் கீரை வைக்க வீட்டார் கூசுவர். நோயாளியைப் பார்க்கச் செல்வோர் இறக்குமதியான அப்பிளை வாங்குவரேயன்றிக் கொய்யாவை வாங்கார். விற்றமின் சி கொய்யாவில் அப்பிளைவிடப் பன்மடங்கு அதிகம். சிவப்பிறைச்சி புற்றுநோயை விளைவிக்கக்கூடியது எனவும், பதப்படுத்திய இறைச்சி அதனை விளைவிப்பதே எனவும் மேற்கூறிய முகவரகம் 2015இல் வகைப்படுத்தியதையும் இங்கு மனங்கொள்ளல் தகும். இறைச்சியை விலக்குவதன்று, அதன் அளவைக் குறைத்துத் தட்டில் இலைகறிக்கு இடமளிப்பதே வேண்டப்படுவது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? கூட்டுப் பிரச்சினைக்குத் தீர்வும் கூட்டானதாகவே அமைதல் வேண்டும். பாடசாலை, பள்ளிவாசல், பொது நிறுவனங்களின் காணிகளில் முருங்கையும் அகத்தியும் கொய்யாவும் நட்டு ஊருக்குப் பொதுவாக்கலாம். வயல் வரம்புகளிலும், நெல்லறுத்த பின் நிலம் வெறுமையாயிருக்கும் காலத்திலும் பயறு, கௌபி, வெண்டி, பயற்றங்காய் என்பவற்றைப் பயிரிடும் உரிமை வயற்காரருக்கு வழங்கப்படலாம். கூட்டுறவுச் சங்கங்கள் மலைநாட்டு விவசாயியிடம் நேரே கொள்முதல் செய்தால் இடைத்தரகின் சுமை குறையும். கீரை ஆயும் வேலையில் ஆண்களும் பங்குகொள்ளலாம். இதற்குச் சட்டமோ நிதியோ தேவையில்லை.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், மரக்கறியும் பழமும் புற்றுநோய்க்கு எதிரான மந்திரமல்ல. எனினும், வெற்றிலையையும் புகையிலையையும் கைவிடுவதோடு இணையுமிடத்து உயிர்களைக் காக்கவல்லவை என்பது தெளிவாகும். அந்தக் காப்பு சந்தையில் விலைகொடுக்க வல்லவருக்கு மட்டும் உரியதாய் இருத்தல் நியாயமன்று. உண்ணுங்கள் என்று கூறும் சமூகம், உண்பதற்கான நிலத்தையும் நேரத்தையும் ஊதியத்தையும் உறுதிப்படுத்தும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும்.